ஒரே முடிச்சில் இரண்டு காசு

கமலவேணிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எது நடந்தாலும் முதலில் "நல்லவேளை" என்பாள். வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறினால், "நல்லவேளை, கட்டில் வரைக்கும் வரல." சம்பளம் பிந்தினால், "நல்லவேளை, வேலையாச்சும் இருக்கு." எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அடிக்கிறவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் ஏன் கையை நிறுத்தப் போகிறான் என்று ஒருமுறை அவளிடமே கேட்டேன். "சண்ட போட்டா மட்டும் நிறுத்திருவானாண்ணே" என்றாள்.  எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நான் ஹரிதாஸ். மலாக்கா பக்கம் ஜாசினில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. என் தங்கை மலர்க்கொடியும் அவள் மகன் திவாகரும்தான் எனக்குக் குடும்பம். மலரின் புருஷன் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. டவுனுக்கு வெளியே இருக்கிற மலிவு வீடுகள் வரிசையாக நிற்கும் தாமானில் மலர் ஒரு வீட்டிலும், கமலவேணி அடுத்த வீட்டிலும் இருந்தார்கள். நடுவில் ஒற்றைச் சுவர். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள்.

கமலவேணி பிறந்தது செம்பனைத் தோட்டத்தில். தோட்டத்தைக் கைமாற்றி வீடு கட்டப்போகிறோம் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது அவளுக்குக் கல்யாணமான புதிது. ஆளாளுக்கு மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டே, "நல்லவேளை, மழைக்காலத்துல கெளப்பல" என்றாளாம். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். வளைவில் லோரி குடைசாய்ந்து அந்த இடத்திலேயே போய்விட்டான். சாவு வீட்டில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "நல்லவேளை, படுக்கையில கெடந்து இழுத்துக்கிட்டு இருக்கல" என்றாள். அழ வந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். என்ன பொம்பளை இவள் என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது மகன் கவிநேசன் கைக்குழந்தை. அவள் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலைக்குப் போனாள். விடியுமுன்பே வேலை என்பதால் பிள்ளையைச் சுவருக்கு இந்தப் பக்கம் மலரிடம் விட்டுவிட்டுப் போவாள். மலர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்றால் திவாகர் அந்தப் பக்கம் போவான். இப்படி இரண்டு பையன்களும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். ஒரே வகுப்பு, பிறகு ஒரே மோட்டார் சைக்கிள். சண்டையும் அதே அளவுக்கு இருந்தது. கவிக்கு வாய் அதிகம். திவாகர் அவன் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான்.

படிப்பு முடிந்து ஆயர் குரோவில் தொழிற்சாலை, அப்புறம் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்று அலைந்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. ஒருநாள் கவி கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். தாய்லாந்தில் ஆபீஸ் வேலையாம். தங்க இடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் அவர்களே. நான் கேட்டேன், உன்னைப் பார்க்காமலே டிக்கெட் போட்டுத் தருகிறவன் எதற்குத் தருகிறான் என்று. "மாமா, உங்க காலம் மாதிரி இல்ல லா. இப்பல்லாம் ஆன்லைன்லதான் இன்டர்வியூ" என்றான் கவி. மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறிப் போனார்கள். இரண்டு அம்மாக்களும் முறுக்கு சுட்டுக் கொடுத்தார்கள்.

தாய்லாந்தில் இறங்கியதும் யாரோ காரில் ஏற்றி, இரவோடு இரவாக ஆற்றைக் கடக்க வைத்து, எல்லைக்கு அப்பால் மதில் கட்டிய இடத்தில் அடைத்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாத ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்க வேண்டும். பறிக்க முடியாவிட்டால் அடி. ஒளிந்து பேசிய ஒரு வீடியோ காலில் இதையெல்லாம் சொன்னார்கள். திவாகரின் கண் வீங்கியிருந்தது. கவி அப்போதும், "அம்மா, சோறு போடுறாங்க, பயப்படாத" என்றான். தாயைக் கொண்ட பிள்ளை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நாங்கள் ஏறாத படி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். கட்சிச் சேவை மையம் ஒன்றில் இரண்டு அம்மாக்களையும் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பத்திரிகையில் வந்தது. கூப்பிடுகிறோம் என்றவர்கள் கூப்பிடவில்லை. கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் போனோம். செங்கில் இருக்கிற சன்னாசிமலைக் கோயிலுக்கு.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நேர்ந்துகொள்ளும்போது மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்போம். வேண்டுதல் பலித்ததும் கடனைச் செலுத்திவிட்டு முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுவோம். ஆளுக்கொரு முடிச்சுதான் போட வேண்டும். இந்த இரண்டு பேரும் அழுகிற அழுகையில் ஒரே துணியில் இரண்டு காசையும் வைத்து, ஒரே முடிச்சாகப் போட்டு, "ரெண்டு புள்ளைங்களும் உசுரோட வந்துட்டா மாசி மகத்துக்கு ரெண்டு பேரும் பால்குடம் எடுக்கிறோம்" என்று ஒரே வாயாக வேண்டிக்கொண்டார்கள். பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. பிள்ளைகள் ஒன்றாகப் போனவர்கள், ஒன்றாகத்தானே வருவார்கள் என்று இருந்தது. முடிச்சு கமலவேணி வீட்டுச் சாமி மாடத்துக்குப் போனது.

திவாகர் மட்டும் வந்தான்.

அங்கிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு கூட்டத்தோடு தாய்லாந்து வழியாக அனுப்பிவைத்தார்கள். விசாரணை எல்லாம் முடித்து வெளியே விட்டபோது நான் போய் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி ஆளாக இருந்தான். வலது கை விரல் ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது. சிரம்பான் தாண்டும் வரை கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தான். நான்தான் பொறுக்கமாட்டாமல் கவி எங்கேடா என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒருநாள் கவி எதிர்த்துப் பேசினானாம். இழுத்துக்கொண்டு போய் அடித்து, அறையில் கொண்டுவந்து போட்டார்களாம். காய்ச்சல் கண்டது. டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. சில நாளில் திவாகர் கண்ணெதிரே போய்விட்டான். உடம்பை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது.

"போலீஸ்கிட்ட சொன்னியாடா?"

"சொன்னேன் மாமா. எழுதிக்கிட்டாங்க. உறுதியானாத்தான் வீட்டுக்குச் சொல்ல முடியுமாம்."

உடம்பு இல்லாமல் எதை வைத்து உறுதி பண்ணுவார்கள்? அதாவது யாரும் வந்து கமலவேணியிடம் சொல்லப் போவதில்லை. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேன் சத்தம் கேட்டதும் அவள்தான் முதலில் ஓடி வந்தாள், ஆரத்தித் தட்டோடு. பின்சீட்டைப் பார்த்தாள். ஒருத்தன்தான் என்று தெரிந்ததும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு திவாகரை நிற்கவைத்து முறையாகச் சுற்றினாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை. நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன்தான். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. சாப்பாடு உள்ளே போகும், பாதி திரும்பி வரும். கைப்பேசி மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் பதுங்குவான். பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று ஊரே மலரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியது. அவள் என்னிடம் சொன்னாள், "யாரண்ணே திரும்பி வந்தது, எனக்குத் தெரியலியே."

சொல்லிவிடு என்று மலரிடம் நாள்தோறும் சண்டை போட்டேன். "நீங்க சொல்லுங்கண்ணே" என்பாள். நான் பெரிய வீரன் மாதிரி சுவரைச் சுற்றிப் போவேன். கமலவேணி கதவைத் திறந்ததும், "பசியாறிட்டீங்களாண்ணே" என்று கேட்டுக் கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, கேன்டீன் கதை எதையாவது ஆரம்பிப்பாள். மூச்சுவிட இடம் கொடுக்கமாட்டாள். குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது மாசி பிறந்தது. ஒரு சாயங்காலம் கமலவேணி அந்த மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு மலர் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன்.

"மகம் வருது மலரு. விரதம் ஆரம்பிக்கணும்."

மலருக்கு முகம் வெளிறிப்போனது. "ரெண்டு பேரும் வந்தாத்தானக்கா வேண்டிக்கிட்டோம். கவியும் வரட்டும். அடுத்த வருசம் எடுத்துக்கலாம்."

"ஒண்ணு வந்துருக்குல்ல. வந்தத வாங்கிக்கிட்டு சும்மா இருந்தா சாமிக்கு என்ன தோணும்?"

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"விரதத்துல கண்டதும் பேசக்கூடாது. பால் நான் சொல்லிவச்சிட்டேன். நீ மஞ்ச சேலைய மட்டும் தொவச்சு வையி" என்று எழுந்துவிட்டாள்.

அவள் போன பிறகு மலர் தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் இதுதான். பிள்ளை செத்திருக்கிறான். அவளுக்குச் சாவுத் தீட்டு. தீட்டுக்காரி கோயில் வாசலையே மிதிக்கக்கூடாது, இவளோ பால்குடம் தூக்கப் போகிறாள். தெரிந்தும் நாங்கள் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பாவம் யாருக்கு? கூட்டிக்கொண்டு போகாவிட்டால் முடிச்சு அப்படியே நிற்கும். திவாகர் உயிரோடு வந்ததற்கான கடனும் அதில்தானே கிடக்கிறது. எனக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அறைக் கதவைப் பார்க்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு கஷ்டத்தில் இருக்கிறவளைப் போய் நன்றி சொல்லச் சொல்கிற ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது.

மகத்தன்று மலர் அவளிடம் வேனில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. ஆயர் மோலேக் தாண்டியதும் மலர், "அக்கா" என்றாள். கமலவேணி உடனே கண்ணை மூடிக்கொண்டு பதிகம் பாட ஆரம்பித்தாள். குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. செங் வரைக்கும் நிறுத்தாமல் பாடினாள்.

வெயில் கொளுத்தியது. வேனை எங்கோ தொலைவில் போட்டுவிட்டு நடந்தோம். ஒரு பக்கம் காவடி, ஒரு பக்கம் தண்ணீர்ப் பந்தல். கூட்டத்தில் யார் யாரையெல்லாமோ பார்த்தேன். வேலை கிடைத்ததற்கு ஒருவர், பிள்ளை பிறந்ததற்கு ஒருவர் என்று எல்லோரும் வாங்கிக்கொண்டதற்குத் திருப்பிச் செலுத்த வந்தவர்கள். நடுவில் இந்த இரண்டு பெண்களும் மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, வெறுங்காலில் தார் ரோட்டில் போனார்கள். மலருக்குக் கால் பின்னியது. கமலவேணி ஒரு கையால் தன் குடத்தையும் மறு கையால் மலரின் முழங்கையையும் பிடித்துக்கொண்டாள்.

சன்னிதியில் பூசாரி மலரின் குடத்தை வாங்கிக்கொண்டு யார் பெயருக்கு என்று கேட்டார். "திவாகர், அஸ்த நட்சத்திரம்" என்றாள் மலர். பால் இறங்கியது. அடுத்து கமலவேணி. நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தவன் பெயரைச் சொல்லி அர்ச்சனை பண்ணப் போகிறார்களே என்று பயந்தேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை.

"பேரு சொல்லும்மா."

"திவாகர். அஸ்தம்" என்றாள்.

"அது ஆச்சேம்மா. உங்க குடத்துக்கு."

"இதுவும் திவாகருக்குத்தான்."

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு ஊற்றினார். மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் இருந்ததை எழுத எனக்குத் தெரியாது. கமலவேணி மடியிலிருந்து முடிச்சை எடுத்துப் பல்லால் அவிழ்த்து, இரண்டு காசையும் உண்டியலில் போட்டாள்.

வெளியே வந்து, வேன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்தாள். காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொடத்த ஊத்தியாச்சு. இனி சொல்லு மலரு. எப்படிப் போச்சு என் புள்ள?"

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா? கையக் கழுவாம என் தட்டுல சாப்பிட்ட புள்ள திவா. கவி உசுரோட இருந்தா ஓடி வந்து சொல்லியிருக்கமாட்டான்? வந்து எறங்குனப்ப என் மொகத்தப் பார்க்கல பாரு, அப்பவே எனக்கு முடிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏம்மா கேட்கல?" என்றேன் நான்.

"கேட்டா நீங்க சொல்லிருவீங்க. சொன்னா தீட்டு. வருசம் திரும்புற வரைக்கும் நான் மலையேற முடியாது. முடிச்சு ஒண்ணாப் போட்டுத் தொலச்சிட்டோமேண்ணே. என்னால அந்தப் புள்ள பேருலயும் கடன் நிக்கும். அதுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

இத்தனை வாரம் அவள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இதைச் சுமந்துகொண்டு எனக்குக் கோப்பி கலந்து கொடுத்திருக்கிறாள். மலரால் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன். திவாகர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன், எதிர்த்துப் பேசியது, அடி, காய்ச்சல் எல்லாவற்றையும். எதையும் குறைத்துச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியில தண்ணி கேட்டானாமா?"

"கேட்டிருக்கான். திவாதான் போத்தல் மூடியில ஊத்தி வாயில விட்டிருக்கான். கொஞ்சம் உள்ள போச்சாம்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். புருஷன் சாவில் அழாதவள். உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, முடி அவிழ்ந்து விழ, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். மஞ்சள் சேலை, விரித்த தலை, மாசி மகம். போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அருள் வந்துவிட்டது என்று கூடிவிட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து நெற்றியில் திருநீறு அப்பினாள். இன்னொருத்தர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி முன்னால் மண்டியிட்டு, "தாயே, என் மவளுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் கூடுமா" என்று கேட்டாள். கமலவேணியின் காதில் எதுவும் விழவில்லை. நான் கண்டபடி கத்தி எல்லோரையும் விரட்டினேன். சாமியாடுகிறவளைத் திட்டுகிறானே என்று என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கமலவேணி தன் வீட்டுக்குப் போகவில்லை. மலர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வாங்க அக்கா என்று மலர் கையைப் பிடித்ததற்கு உதறிவிட்டாள்.

"தீட்டு மலரு. நான் உள்ள வரக்கூடாது." பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "திவா. பெரியம்மாடா. எனக்கு எல்லாம் தெரியும். மாமா சொல்லிட்டாங்க. நான் உள்ள வர முடியாது. நீ வெளிய வா."

வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அக்கம்பக்கத்து வீடுகளில் திரைகள் விலகின. அவள் மறுபடி கூப்பிடவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெளிச்சத்தில் கண் கூசியது. கேட் வரைக்கும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எந்தக் கைடா குடுத்துச்சு, தண்ணி?"

அவன் விரல் வளைந்த வலது கையை நீட்டினான்.  அவள் அதைத் தொடவில்லை. தீட்டு அவனுக்கு ஒட்டக்கூடாது என்று ஓரடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்து அவனைக் கும்பிட்டாள்.

திவாகர் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னைத் திட்டுங்க பெரியம்மா, அடிங்க பெரியம்மா" என்று தரையில் முட்டிக்கொண்டு அழுதான். மலர் அவனைப் பிடிக்க ஓடினாள். கமலவேணி கையை இறக்கவே இல்லை.